கூப்பிட்ட பெயரும் பத்திரப் பெயரும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் நம்மிடையே கூடிக்கொண்டு வருகிறார்கள். கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், பூர்விக நிலம் எவர் கைக்குப் போனது, கப்பலேறிப் போன பெரியவரின் வழியினர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, சார்பதிவாளர் அலுவலகத்திலும் தாலுகா ஆபீசிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் காத்துக் கிடக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். கையில் ‘முத்துசாமி’ என்று ஒரு பெயர் இருக்கும். பதிவேட்டைத் திறந்தால் அதே ஊரில், அதே சாதியில், அதே காலத்தில் நாலு முத்துசாமிகள். நம்முடையவர் எவர்? இன்னொருவர் கதை வேறு. பாட்டி வாயால் கேட்ட ‘சின்னாண்டி’ எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இருக்கிற ‘அருணாசலம்’ யாரென்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தைத் தாண்டப் பட்டப்பெயரை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். ஊர் கூப்பிட்ட பெயர், வீட்டில் அழைத்த பெயர், கேலிக்கு வைத்தது, தொழிலால் ஒட்டிக்கொண்டது எல்லாவற்றையும் சேர்த்தே பட்டப்பெயர் என்கிறேன். வம்சாவளி தொகுக்கிறவர்கள் முதலில் கழித்துக்கட்டுவது இதைத்தான். திருத்தமான பெயர்களை மட்டும் மேலிருந்து கீழாக எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டுகிறார்கள். அந்த வரிசையை வைத்துக்கொண்டு ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் வருகிறவர் நம் வீட்டு ஆள்தானா என்றுகூட உறுதி செய்ய முடிவதில்லை.

ஒரே பெயர் ஏன் இத்தனை பேருக்கு இருந்தது? பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். ஒரு பாட்டனுக்கு மூன்று மகன்கள் என்றால், மூவரும் தத்தம் மூத்த மகனுக்கு அந்தப் பெயரையே வைப்பார்கள். இரண்டு தலைமுறையில் ஒரே தெருவில் ஒரே பெயரில் பல பிள்ளைகள். குலதெய்வமும் ஒன்றாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். கருப்பையாக்களும் முனியாண்டிகளும் அங்காளம்மைகளும் ஊரெங்கும் இருப்பார்கள்.

இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். மாமியார் பெயரையும் சொல்லமாட்டாள். பிள்ளைக்கோ அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தன் பிள்ளையை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? வேறொரு பெயரைத் தானே வைத்துக்கொள்வாள். தம்பி, துரை, ராசு, பெரியவன், சின்னக்கண்ணு, பாப்பா, ஆத்தா என்று அவள் வைத்த பெயர்தான் அந்தப் பிள்ளைக்குக் கிழப்பருவம் வரை நிலைத்தது. நம் கூப்பிடும் பெயர்களில் பெரும்பகுதி பெண்கள் வைத்தது. எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்திடாத பெண்கள் குடும்பத்தின் இன்னொரு பதிவேட்டைப் பேச்சிலேயே நடத்திவந்திருக்கிறார்கள். ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் உள்ள மூலச்சான்று அதுதான்.

வீட்டுப் பெயர்களில் சில, எந்த அரசாங்கப் பதிவும் சொல்லாத செய்தியைச் சொல்கின்றன. குப்பன், குப்புசாமி, குப்பாயி என்ற பெயர்களைக் கேட்டவுடன் அவற்றை ஏழைகளின் பெயர் என்றோ பழைய காலத்துப் பெயர் என்றோ கடந்துபோகிறோம். முன்பிறந்த குழந்தைகள் தங்காமல் இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து அந்தப் பெயரை இட்டார்கள். பிச்சை, பிச்சையம்மாள் என்பது மடியேந்திக் கேட்டு வாங்கியது. தவிட்டுக்கு விற்றதாகப் பாவித்துத் திரும்ப வாங்கிய பிள்ளைகளும் உண்டு. ஆண்குழந்தைக்கு மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா என்று அழைத்ததும் இதே அச்சத்தால்தான். வேண்டாத பிள்ளை போலக் காட்டினால் சாவு தீண்டாமல் போகும் என்று நம்பினார்கள்.

ஆகவே, உங்கள் வம்சாவளியில் ஒரு குப்பாயியோ பிச்சையோ வந்தால் அதற்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு எழுதுங்கள். பெயர் பாட்டியிடமிருந்து வந்ததா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். பாட்டி பெயர்தான் என்றால் அந்தச் சாவுகள் பாட்டி தலைமுறையில் நிகழ்ந்தவை. பாட்டி வழியில் வராத பெயர் என்றால், அந்தப் பிள்ளைக்கு முன்னே பெயரிடப்படாமலே போன ஒன்றோ இரண்டோ குழந்தைகள் இருந்திருக்கக்கூடும். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கென 1899இல் தனிச்சட்டம் வந்தது. அதன் பிறகும் கிராமங்களில் பதியாமல் விட்ட பிறப்புகள் ஏராளம். செத்த சிசுவுக்கு வேறு சாட்சியம் கிடையாது. தென் மாவட்டங்களில் போதும்பொண்ணு என்ற பெயர் அக்காமார்கள் எத்தனை பேர் என்று தேடச் சொல்கிறது.

இவற்றை இழிவு என்று கருதி மாற்றி எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தாயின் அச்சத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தடயத்தையும் அவர்கள் அழித்துவிடுகிறார்கள்.

ஒருவருக்கு இரண்டு பெயர் என்பது நமக்குப் புதிதும் அல்ல, நாட்டார் வழக்கு மட்டும் அல்ல. சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு ‘ஆன’ என்ற சொல் பழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்த சேனாபதி, கிருஷ்ணன் ராமன் ஆன மும்முடிச்சோழ பிரம்மமாராயன். பெருந்தச்சர், குஞ்சரமல்லன் ஆன இராஜராஜப் பெருந்தச்சன். தந்தை இட்ட பெயரும் அரசன் தந்த பட்டமும் சேர்ந்தால்தான் ஆள் யாரென்று விளங்கும் என்பதை அந்த எழுத்தாளர்கள் அறிந்திருந்தார்கள். அதே கோயிலில் ஆடற்பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் இருக்கிறது. எல்லாரும் ‘நக்கன்’ என்ற அடையோடு வருகிறார்கள். பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்றும் பொறித்துவைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அவர்களுக்கு இருந்த கவனம், வம்சாவளி எழுதும் நமக்கு இருக்க வேண்டும்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களும் இயற்பெயர் கிடைக்காதபோது பாட்டில் வந்த தொடரையே புலவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீராரும் அணிலாடு முன்றிலாரும் அப்படித்தான் நமக்குக் கிடைத்தார்கள். பெயர் தெரியவில்லை என்பதற்காக ஆளையே விட்டுவிடவில்லை.

இனிப் பத்திரங்களுக்கு வருகிறேன். நிலம் இருந்த குடும்பங்களுக்கு இதுவே பெரிய சுரங்கம். பழைய கிரய சாசனத்தின் தலைப்பில் எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர் பெயர்கள் தகப்பன் பெயரோடும், பெரும்பாலும் சாதி, தொழிலோடும் இருக்கும். தேடுகிறவர்கள் அந்த நாலு வரியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பத்திரத்தின் அடியில் உள்ள சொத்து விவரத்தைப் படியுங்கள் என்பது என் வேண்டுகோள். அங்கே நாலெல்லை சொல்லப்பட்டிருக்கும். இன்னாருடைய நஞ்சைக்கு வடக்கு, இன்னார் வேலிக்குக் கிழக்கு, இன்னார் கிணற்று வாய்க்காலுக்குத் தெற்கு என்று போகும். எல்லை என்பது ஊரார் போய் நின்று பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டியது. அதில் நாலு முத்துசாமிகளில் ஒரு முத்துசாமி என்று எழுதினால் வழக்கு வரும். அதனால் பத்திரம் எழுதுகிறவர் அங்கே ஊர் வழங்கும் பெயரைப் போட்டுவிடுவார். நெட்டை முத்துசாமி, வைத்தியர் முத்துசாமி, மேலவீட்டு முத்துசாமி என்று அந்த இடத்தில்தான் வருவார்கள். தம் பத்திரத்தில் முழுப்பெயரோடு இருக்கும் பெரியவர், பக்கத்து வயல்காரரின் பத்திரத்தில் பட்டப்பெயரோடு இருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஆள் பிடிபடுகிறார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கு இரண்டு வகை அட்டவணைகள் வைக்கிறார்கள். ஒன்று ஆட்களின் பெயர் வழியே போவது, மற்றது சொத்தின் வழியே போவது. மனுக் கொடுக்கிறவர்கள் பெயர் அட்டவணையைத் தேடச் சொல்லிவிட்டு, ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். சொத்து அட்டவணையைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆள் பெயர் மாறும். நிலம் அங்கேயே கிடக்கும். சர்வே எண் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம். மறு அளவையில் எண் மாறியிருந்தால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் பதிவேட்டைக் கேட்க வேண்டும். அதற்கும் முந்திய காலத்துக்குப் பைமாஷ் என்ற பழைய நில அளவை எண் உண்டு. நிலம் கைமாறிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெயர் வரும். அந்தப் பெயர்களை வீட்டுக்குக் கொண்டுபோய் வயதானவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். “அது நம்ம சுருட்டுக்கார அய்யா பேருல்ல” என்று ஒருவராவது சொல்வார்.

நம் பூர்விகத் தேடலில் ஒரு பெரிய முறிவு 1980இல் நேர்ந்தது. பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை அரசு அந்த ஆண்டு ஒழித்தது. பிறப்பால் வரும் அதிகாரத்தை ஒழித்தது சரியான முடிவு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பதிவேட்டுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் ஒருசேர மனத்தில் வைத்திருந்த கணக்குப்பிள்ளை அன்றோடு போய்விட்டார். பட்டாவில் இருக்கிறவர் எந்த வீட்டுக்காரர் என்று சொல்ல அவருக்குத் தாள் வேண்டியதில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. யு.டி.ஆர். தவறு என்று இன்றும் தாலுகா ஆபீஸ் வாசலில் பேசப்படுகிற சிக்கல்களில் பல, பெயர் மாறி விழுந்ததால் வந்தவை. ‘இன்னாரும் இன்னாரும் ஒருவரே’ என்று சான்று கேட்டு அலைகிற குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாத்தாவின் இரு பெயர்களையும் சேர்த்து எவரேனும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அந்த அலைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும்.

நிலமில்லாதவர்கள் வீட்டில் என்ன இருக்கும் என்று கேட்கலாம். மொய் நோட்டு இருக்கும். நம் மக்கள் தாமே எழுதிக்கொண்ட மிகப் பரந்த குடும்ப ஆவணம் மொய் நோட்டுதான் என்பது என் உறுதியான கருத்து. ஊர், பெயர், தொகை என்று மூன்று செய்திகள். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் ஆளை மாற்றிப் புரிந்துகொள்ள இடமே வைக்காமல் எழுதியிருப்பார்கள். பந்தலில் உட்கார்ந்து எழுதுகிறவர், “எந்த ராமசாமி?” என்று கேட்பார். “மில்லுக்காரர் மாப்பிள்ளை ராமசாமி” என்று பதில் வரும். அதை அப்படியே எழுதுவார். ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முந்திய மொய் நோட்டு ஒன்று கிடைத்தால், அந்தக் குடும்பத்தின் கொள்வினை கொடுப்பினை எந்தெந்த ஊர்களோடு இருந்தது, தாய்மாமன் வழி எது, உறவு முறிந்த வீடு எது என்றுகூடக் கண்டுகொள்ளலாம். வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்க்காரரிடம் முதலில் போவதும் இந்த நோட்டுதான் என்பது வருத்தமான உண்மை.

கருமாதிப் பத்திரிகையும் சாவு போஸ்டரும் இந்த வகையில் சேரும். ‘(எ)’ என்ற ஓரெழுத்தைப் போட்டு இரண்டு பெயரையும் இணைக்கிற வழக்கம் அவற்றில் தவறாமல் இருக்கிறது. பத்திரப் பெயரை மட்டும் போட்டால் யார் இறந்தது என்று ஊருக்கே தெரியாது.

நகரத்தார் இதை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். பாட்டன், முப்பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து விலாசமாக வைத்துக்கொண்டார்கள். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் சா.ராம.மு. அண்ணாமலைச் செட்டியார், அவருடைய தந்தை சா.ராம. முத்தையாச் செட்டியார். முதலெழுத்துகளைப் படித்தாலே தலைமுறை வரிசை தெரிந்துவிடுகிறது. திருமணத்தின்போது ஒன்பது கோயில்களில் தம் கோயிலில் புள்ளியாகப் பதிந்துகொள்வதும், இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தை எழுதுவதும் அவர்கள் விடாமல் காத்த பதிவுகள். பணப்புழக்கமும் கடல்கடந்த வணிகமும் இருந்த சமூகம் பெயரில் குழப்பம் வராமல் பார்த்துக்கொண்டது. எல்லாருக்கும் அந்த வசதி அமையவில்லை.

முத்துக்குளித்துறையில் நிலைமை நேர் எதிர். 1530களில் பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் வந்து ஒட்டிக்கொண்டன. பர்னாந்து, மச்சாடு, ரோட்ரிகோ, கோஸ்தா, மோத்தா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களுக்குள் கடற்கரை ஊர்கள் அடங்கிவிட்டன. அந்தோணி பர்னாந்து என்று தேடினால் எந்தக் கோயில் பதிவேட்டில்தான் கிடைக்கமாட்டார்? அங்கே குடும்பப் பட்டப்பெயர் தெரியாதவர் ஓர் அடி நகர முடியாது.

கிறிஸ்தவப் பதிவேடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பாதிரியார் தம் மொழியில் பேதுரு, பவுல், யோவான், யாக்கோபு ஆகியோரின் பெயரை எழுதியிருப்பார். வீட்டில் அவர்கள் இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சந்தியாகு என்று வழங்கியிருப்பார்கள். சவேரியார் பெயரில் ஞானஸ்நானம் பெற்றவர் ஊரில் சவரிமுத்து. நீலகண்ட பிள்ளை 1745இல் பெற்ற லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆனது. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவரே. இந்த இணைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகாவிட்டால், கண்முன் இருக்கும் பாட்டனாரைக் கடந்து வந்துவிடுவோம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு 1881 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி, தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிய வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, லபோர்த் ஆனார். நீதிமன்றத்தில் காலணி அணிந்து நிற்கும் உரிமைக்காக 1870களில் போராடியவர் அவர். பல குடும்பங்கள் அன்று புதுப்பெயர் பூண்டன. அந்தத் துறவுப் பத்திரத்தில்தான் பழைய பெயரும் புதிய பெயரும் கடைசியாக ஒன்றாக நிற்கின்றன. அதைத் தவறவிட்டால் 1881க்கு முன்னே போக வழி கிடைப்பது கடினம்.

கடல்கடந்தவர்களின் கதைக்கு வருகிறேன். சென்னையிலிருந்து 1860 அக்டோபர் 12ஆம் நாள் புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியே போனவர்கள். கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியவை உண்டு. நம் நாட்டிலேயே இருந்துவிட்ட ஏழைகளைப் பற்றி இவ்வளவு செய்தி எந்தக் காகிதத்திலும் இல்லை. மொரீஷியஸில் 1860கள் முதல் புகைப்படமும் எடுத்தார்கள்; மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவுகள் இருக்கின்றன.

இவ்வளவு இருந்தும் அவர்களின் கொள்ளுப்பேரர்கள் ஆர்க்காட்டுப் பக்கம் வந்து தேடும்போது திகைத்து நிற்கிறார்கள். கப்பலேற்றுமுன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். சென்று சேர்ந்த நாட்டில் தகப்பன் பெயரோ சாதிப்பட்டமோ குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. முதலியார் மூட்லி ஆனார். கவுண்டர் கவெண்டர் ஆனார். படையாட்சி படையாச்சி என்றே நின்றது. கிராமத்துக்கு வந்து ‘முனுசாமி குடும்பம் எது’ என்று கேட்டால் ஊர் என்ன சொல்லும்? போனவரை ஊர் முனுசாமி என்று ஒருநாளும் கூப்பிட்டிராது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பாட்டி பாடிய தாலாட்டில், திட்டிய வசவில், குலதெய்வத்தை வேண்டிய வேண்டுதலில் என்ன பெயர் வந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டு வாருங்கள். கப்பல் பட்டியலில் உள்ள கிராமப் பெயரோடு குலதெய்வப் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்ந்தால் கதவு திறக்க வாய்ப்புண்டு. இங்கே இருக்கிறவர்களும் தம் பங்குக்கு, ‘கப்பலேறிப் போனவர் வீடு’ என்று ஊர் எதைச் சொன்னது என்று கேட்டு வைக்க வேண்டும். ரங்கூன்காரர், சிலோன்காரர், பினாங்குக்காரர் என்ற பட்டப்பெயர்கள் ஊருக்கு ஊர் உண்டு. போய்வந்தவருக்கு வேறு எந்தத் தாளும் மிஞ்சாத வீடுகளில் அந்தப் பெயர் ஒன்றே பயணத்துக்குச் சான்று.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லாமல் இந்த உரை நிறைவுபெறாது. வம்சாவளியில் பெரும்பாலும் பெண்கள் இல்லை. பத்திரத்தில் ‘இன்னார் பாரியாள்’ என்று வருவார்கள். பிறந்த ஊர் இராது. கல்யாணம் செய்துகொடுத்ததும் பிறந்த வீட்டுப் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்கள். ஆனால் புகுந்த ஊர் அவளை எப்படிக் கூப்பிட்டது என்று பாருங்கள். மானாமதுரையாள், கீரனூராள், காரைக்குடி ஆச்சி, ஈரோட்டுக்காரி. அவள் பெயரை விட்டுவிட்டு ஊரைச் சொல்லி அழைத்தார்கள். எந்தப் பதிவேடும் வைத்திராத அவளுடைய பிறந்த ஊர் அந்த அழைப்பில் தங்கியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனால் அவளுடைய அண்ணன் தம்பி வழியினரைக் காணலாம். அவளுக்கு இட்ட பெயரையும் அங்கேதான் கேட்டறிய முடியும். தாய்வழியை இழந்துவிட்ட எத்தனையோ குடும்பங்களுக்கு நான் காணும் ஒரே வழி இதுதான். ‘அப்பத்தாவை ஊரில் என்னவென்று கூப்பிடுவார்கள்’ என்ற கேள்வியை, ‘அப்பத்தா பெயர் என்ன’ என்ற கேள்விக்கு முன்னால் கேளுங்கள்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பட்டப்பெயரும் அன்பால் வந்தவை அல்ல. உடற்குறையைக் குத்திக்காட்டியவை உண்டு. சாதியின் பெயரால் இழிவுபடுத்தியவை அதைவிட அதிகம். பழைய கிராமப் பதிவேட்டில் தம்மை உயர்த்திக்கொண்டவர்களுக்குப் பட்டமும் மரியாதை விகுதியும் இருக்கும். ஒடுக்கப்பட்டவர்களுக்கு மொட்டையாக ஒரு பெயர் இருக்கும். சில சமயம் அதுகூட அவர்கள் தாமே வைத்துக்கொண்டதாக இராது. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் வேறு நல்ல பெயர் எழுதினார் என்றால், அந்தப் பிள்ளை ஒரு சுமையை இறக்கிவைத்தது. அந்தப் பெயர் மாற்றத்தை நான் மதிக்கிறேன்.

என்றாலும், பழைய பெயரை வம்சாவளியிலிருந்து அகற்றிவிடக் கூடாது என்றுதான் சொல்வேன். இது வெறும் வரலாற்று ஆர்வத்தால் சொல்வது அல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பட்டியலின மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நாம் சொல்வது அதைத்தான். வெளியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலங்கள் பல எப்படியெல்லாமோ கைமாறிப் போயின. இன்று அதை மீட்கப் போராடுகிறவர்கள், பதிவேட்டில் உள்ள அந்த மொட்டைப் பெயர்க்காரர் எங்கள் பாட்டன் என்று நிறுவ வேண்டியிருக்கிறது. பேரன் சான்றிதழில் வேறு பெயர், மகன் வாக்காளர் பட்டியலில் வேறு பெயர், பாட்டன் பதிவேட்டில் இன்னொரு பெயர். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நிலம் போனது போனதுதான். இழிவாகக் கூப்பிட்டார்கள் என்பதற்காக அந்தப் பெயரை எழுதாமல் விட்டால், கூப்பிட்டவர்களுக்கே ஆதாயம். உயிரோடு இருப்பவரைப் புண்படுத்தும் பெயரை அச்சில் ஏற்றக் கூடாது. இறந்தவரின் பெயரைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதி, ‘ஊரார் இவரை இப்படி அழைத்தார்கள்’ என்று குறித்துவைக்க வேண்டும். இதில் நான் வேறு முடிவுக்கு வர இயலவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த நாடு இது. ஆனால் இங்கிலாந்தில் போல வீடுவீடாக எழுதிய அந்தக் காலத்துப் படிவங்கள் இங்கே பாதுகாக்கப்படவில்லை. தொகுத்த எண்கள் மட்டுமே நூலாக அச்சாயின. ஆகையால் வெளிநாட்டார் எழுதிய வழிகாட்டி நூல்களை அப்படியே பின்பற்றிப் பயனில்லை. நம் தேடல் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் தொடங்கி, மொய் நோட்டு, நாலெல்லை, கோயில் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்று வெளியே போக வேண்டும். பள்ளிப் பதிவேட்டின் பிறந்த தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஜூன் மாதச் சேர்க்கைக்கு வயது காட்டுவதற்காக எழுதிய தேதிகள் அதில் நிறைய.

கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொரு மனிதராகச் சேர்த்துவைத்த நூல்களோடு, நாடக நோட்டீசுகளும் திருமண அழைப்பிதழ்களும் இருந்தன. பிறர் குப்பை என்று எண்ணிய தாள்கள் அவை. அவர் மறைவுக்குப் பின் 1994இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்தபோது அந்தத் தாள்களும் ஆய்வுக்குரியவை ஆயின. பழைய மொய் நோட்டுகளையும் கருமாதிப் பத்திரிகைகளையும் அதே அக்கறையோடு சேர்க்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கல்லூரியாவது முன்வர வேண்டும். இந்தக் கல்வி நிறுவனமே அதைத் தொடங்கலாம் என்று நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது சிறியது. வீட்டிலேயே மூத்தவர் எவரோ, அவரிடம் போய் உறவுக்காரர் ஒவ்வொருவரையும் ஊரும் வீடும் என்னவென்று கூப்பிட்டன என்று கேளுங்கள். பத்திரப் பெயர், நடுவில் ஒரு ‘(எ)’, பிறகு கூப்பிட்ட பெயர் என்று எழுதுங்கள். ஏன் அந்தப் பெயர் வந்தது, சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் அடியில் குறியுங்கள். பத்திரங்களின் நகலை எப்போது வேண்டுமானாலும் மனுப்போட்டு வாங்கலாம். அந்தப் பெரியவர் இருக்கும்போதே இந்தப் பெயர்களை வாங்கிவிடுங்கள்.